கூரை ஒன்று, வீடு இரண்டு

"ஏம்மா, இது ஒரு வீடா, ரெண்டு வீடா?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கேட்டது இவ்வளவுதான். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

புதுப் பனையோலைக் கூரை. ஓலையின் வாசனைகூட இன்னும் போகவில்லை. அதற்குக் கீழே வலது பக்கம் ஒரு வாசல், இடது பக்கம் ஒரு வாசல். வலது வாசலில் என் மாமியார் கன்னியம்மா நின்றார். இடது வாசலில் அவருடைய ஓரகத்தி, அதாவது என் மாமனாரின் அண்ணன் மனைவி, தேசம்மா. அவரை நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். இரண்டு வாசலுக்கும் நடுவில், நிறைமாத வயிற்றோடு நான்.

ஒரு வீடு என்று அவர் எழுதினால் சர்க்கார் ஒரு வண்டி மூங்கில் தரும். இரண்டு வீடு என்றால் இரண்டு வண்டி. கூரையில் பாதிக்கு மேல் இன்னும் நாலு பேரிடம் இரவல் வாங்கின கழிகளில்தான் நின்றுகொண்டிருந்தது. கழிக்குச் சொந்தக்காரர்கள் தினமும் வந்து, கேட்காமல், கழியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தொடரை விடாமல் படித்துவரும் ஒரு வாசகி, "உங்கள் மாமியாரைப் பற்றி மட்டும் எழுதாமல் நழுவுகிறீர்களே, பயமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பயம்தான். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இருந்தாலும் பயம்தான். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

வேடிக்கை பார்த்த நெருப்பு

உத்திரமேரூரிலிருந்து தெற்கே நடந்தால் ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவுக்கும் குன்றுக்கும் நடுவில் ஏரி. பேர்தான் ஏரி, பங்குனி பிறந்தால் அதில் ஆடு மேயும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி முழுக்க விழல் ஆளுயரத்துக்கு வளர்ந்து, காய்ந்து, பொன்னிறமாக நின்றது.

தீ முதலில் பிடித்தது குன்றைச் சுற்றியிருந்த புதர்க்காட்டில். யார் போட்டது, எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் அது அங்கேயே எரிந்தது. நாங்களும் இரண்டு நாள் அதை வேடிக்கை பார்த்தோம். பொழுது சாய வேலையிலிருந்து வந்ததும் தெருவே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தர் வறுத்த கடலைகூடக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், "எவ்ளோ அழகா கீது பாரு" என்றார். ஆமாம் அழகுதான் என்று நானும் சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

மூன்றாம் நாள் உச்சி வேளைக்குக் காற்று திரும்பியது.

நாங்கள் கழனியில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது ஆறு முடிந்து ஏழாம் மாதம். விழல் எரிகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நூறு பேர் பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், ஏரி முழுக்க நெருப்பு நடந்து வருகிறது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கரையேறிவிட்டது. தெருவில் ஏழு வீடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

பதறிய நேரத்தில் மனிதர்கள் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள் என்பது பெரிய விசித்திரம். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். கதவை மட்டும். அரிசிப் பானை, என் கல்யாணப் புடவை, பாய், படுக்கை எல்லாம் உள்ளே எரிந்தன. கேட்டதற்கு, நல்ல வேப்பமரக் கதவு, போனால் இன்னொன்று எப்போது செய்வது என்றார். சரிதான், ஆனால் அதை மாட்ட வீடு வேண்டாமா?

அத்தையும் பெரியத்தையும் செய்தது அதைவிட விசித்திரம். எங்கள் இரண்டு வீடும் அக்கம்பக்கம். ஒரே அளவு, ஒரே உயரம். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. தெரு முழுக்கப் புகை. அத்தை பெரியத்தை வீட்டுக்குள் நுழைந்து அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்து எங்கள் கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே வந்து, இருமி முடித்து, ஒருத்தர் கையில் இருப்பதை ஒருத்தர் பார்த்தார்கள். பெட்டியும் கூடையும் தரையில் இறங்கின. இரண்டு பேரும் திரும்பி நின்றுகொண்டார்கள்.

புகையில் வாசல் தெரியவில்லை என்று இரண்டு பேருமே பிறகு என்னிடம் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள். எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

கருவாடு இல்லாத குழம்பு

இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே அறுந்துபோன பேச்சு. பதினோரு வருஷம் என்று என் வீட்டுக்காரர் கணக்குச் சொல்வார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, அவரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பாவம், காதும் வாயும் இல்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடியில் பார்த்தால் கையைக் காலை ஆட்டி ஜாடையில் பேசினேன். அவரும் பொறுமையாக ஜாடையிலேயே பதில் சொன்னார். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, உனுக்குப் பேச்சு வராதா? எங்க கன்னி இத்த விசாரிக்காமயா கட்டிக்கினு வந்தா?" என்றார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கருவாட்டுக் குழம்பு. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில், ராஜகுளத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தை குழம்பு வைத்தார். கையில் இருந்தது கொஞ்சம் கருவாடு, வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். பெரியத்தையும் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, கருவாடுதான் இல்லை என்றார். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். பிறகு மாமனார் போனார், அவருக்கு முன்பே அவருடைய அண்ணன் போயிருந்தார். பெரியத்தைக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் தூதுபோக ஆள் இல்லாமல் இருந்தது. நான் வந்து சேர்ந்தேன்.

சாம்பலுக்குக் காவல்

தீ அணைந்த மறுநாள் தலையாரி வந்தார். கை நிறைய ஆறுதல் கொடுத்தார். எரிந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி மூங்கில் சர்க்காரில் கொடுப்பார்கள், ஆனால் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து எழுதிய பிறகுதான் கொடுப்பார்கள் என்றார். அதுவரை எதையும் கலைக்கக் கூடாது. சாம்பல் சாம்பலாகவே இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று கேட்டோம். இதோ வந்துவிடுவார் என்றார். அது பங்குனி. வந்தது வைகாசி.

நாங்கள் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சமைத்துக்கொண்டு, எங்கள் சாம்பலுக்குக் காவல் இருந்தோம். காற்று அடித்தால் அத்தைக்கு நெஞ்சு பதறும். பாத்திரம் துலக்க ஒரு கை சாம்பல் கேட்டு வந்தவர்களை விரட்டினார். ஒரு நாயும் அதில் சுகமாகப் படுத்துத் தூங்கப் பழகியிருந்தது, அதையும் விரட்டினார். கடைசியில் என் வீட்டுக்காரர் கோபம் வந்து, இவள் பிள்ளை பெறப்போவது சாம்பலிலா, கூரைக்குக் கீழா என்று கேட்டார். எனக்குப் போய் இருக்கத் தாய்வீடு இல்லை. என் பிறந்த ஊரான கூரத்தில் என்னைப் பெற்றவள் நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். பிள்ளை பிறப்பதற்குள், மழை வருவதற்குள், தலைக்கு மேல் ஏதாவது வேண்டும்.

ஆக, சாட்சிக்கு ஒரு கூடைச் சாம்பலை மட்டும் ஓரமாக எடுத்து மூடி வைத்துவிட்டு, வேலையைத் தொடங்கினோம்.

ஆட்டிடம் சொன்னது

இரண்டு வீட்டிலும் வெளிப்பக்கத்துச் சுவர்கள் நின்றன. சந்துப் பக்கத்துச் சுவர்கள் இரண்டும் போய்விட்டன. நெருப்பு அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டு அடுப்பு மாதிரி எரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் யோசித்தார். முகட்டுக்குப் போடப் பனை வாரை ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் நாங்கள் வேலைக்குப் போகும் பண்ணைக்காரர், அறுப்புக்குத் தவறாமல் வர வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, வரப்போரத்தில் விழுந்து கிடந்த பனையைப் பிளந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தது. ஒரு வாரை என்றால் ஒரு கூரை. எங்கள் வெளிச்சுவரிலிருந்து பெரியத்தையின் வெளிச்சுவர் வரை ஒரே கூரையாகப் போட்டுவிடலாம், மூங்கில் வந்த பிறகு நடுவில் அதைக் கட்டி, மண் பூசிச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்.

அத்தையிடம் நான் போய்ச் சொன்னேன். நடுவில் ஒரு ஓலைத் தட்டியாவது இருக்க வேண்டும் என்றார். பெரியத்தையிடம் போய்ச் சொன்னேன். தட்டி கட்டாயம் இருக்க வேண்டும், அதில் ஓட்டை இருக்கக் கூடாது என்றார். பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தத் தட்டிதான்.

எரிந்த சுவர் மண் திரும்ப ஒட்டாது. ஏரியிலிருந்து புது மண் வெட்டி வந்து, தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு படை வைத்துக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு படை வைத்து, இடிந்த இடங்களை நிரப்ப வேண்டும். ஓலையை நனைத்து, அடுக்கி, கல்லேற்றி, சப்பையாக்க வேண்டும். காலையில் கூலி வேலை, பிற்பகலில் இந்த வேலை. மண் மிதிப்பது அத்தையும் பெரியத்தையும். ஒரே குழியில் இரண்டு பேரும் இரண்டு கை தூரத்தில் மிதிப்பார்கள். நான் குழிக்கரையில் உட்கார்ந்திருப்பேன்.

"மருமவளே, தண்ணி பத்தலன்னு சொல்லு" என்பார் அத்தை.

நான் தலையைத் திருப்பி, தண்ணீர் போதவில்லையாம் என்பேன்.

"இதுக்கு மேல ஊத்தினா கூழாப் பூடும்னு சொல்லு" என்பார் பெரியத்தை.

நான் தலையை இந்தப் பக்கம் திருப்புவேன். பொழுது சாய்வதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். முதுகுவலி கர்ப்பத்தால், கழுத்துவலி மாமியார்களால் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் எனக்கு மயக்கமாக வந்து மரத்தடியில் படுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஓலைக்கட்டோடு வந்தபோது, குழிக்குள் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் பெரியத்தை தன் ஆட்டிடம், கிழக்கு மூலைச் சுவர் சாய்ந்திருக்கிறது, இன்னும் ஒரு படை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை அதே ஆட்டிடம், சாயவில்லை, அப்படித்தான் இருக்கும் என்கிறார். ஆடு கட்டிய கயிற்றில் நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததாம். என்னைவிட அது நன்றாகத் தூது சொன்னது என்று அவர் நெடுநாள் கேலி செய்தார்.

முகட்டு வாரையை ஏற்றின நாள்தான் பயங்கரம். தூக்குவதற்கு வருவதாகச் சொன்ன நாலு ஆம்பிளைகளும் திருப்புட்குழிப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டார்கள். வாரை கயிற்றில் பாதி உயரத்தில் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் சுவர்மேல். கீழே ஒரு முனையை அத்தை தோளில் தாங்கினார், மறு முனையைப் பெரியத்தை. ஒருத்தர் தளர்ந்தாலும் வாரை இன்னொருத்தர் தலையில் விழும். பேச வேண்டிய நேரம் என்றால் அதுதான். பேசவில்லை. கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். வாரை சுவரில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தையின் தோளில் தோல் உரிந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவச் சொல்லிப் பெரியத்தை என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். யார் கொடுத்தது என்று அத்தை கேட்கவில்லை.

ஒரு வார்த்தை

இப்படியாகக் கூரை ஏறி முடிந்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் வருகிறார் என்று தலையாரி காலையிலேயே ஓடிவந்து சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் எங்களை நிறுத்திப் பாடம் நடத்தினார். இரண்டு வீடு, இரண்டு வாசல், இரண்டு அடுப்பு. அவர் இருக்கும்வரை ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது.

"இத்த எனுக்கு நீ சொல்லிக் குடுக்கணுமாடா?" என்றார் அத்தை.

இன்ஸ்பெக்டர் முதலில், எரிந்த வீடு எங்கே என்று கேட்டார். சாம்பல் கூடையைத் திறந்து காட்டினோம். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் கூரையைப் பார்த்தார், நான் முதலில் எழுதின கேள்வியைக் கேட்டார்.

ரெண்டு வீடு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கூரை ஒன்றுதானே என்றார் அவர். தலையாரி குறுக்கே வந்து, கூரையைப் பார்க்காதீர்கள், இந்த இரண்டு பொம்பளைகளையும் பாருங்கள், இவர்கள் பேசிப் பதினோரு வருஷமாகிறது, ஊரையே கேட்டுப் பாருங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் இரண்டு வாசலையும் பார்த்தார். அத்தை வடக்கே பார்த்து நின்றார், பெரியத்தை தெற்கே பார்த்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார், தட்டி இருந்தது. இரண்டு அடுப்பும் இருந்தன. நல்ல மனிதர்தான். பேனாவைத் திறந்து, நோட்டில் "இரண்டு" என்று எழுதியேவிட்டார். எழுதினதை நான் என் கண்ணால் பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவள் நான், எட்ட நின்றே எழுத்தைப் படிப்பேன்.

நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினவர், போகிற போக்கில் கூரையை இன்னொரு தடவை பார்த்தார்.

"யார் கட்டினது? முகடு கோணலா இருக்கே. ஒரு மழைக்குத் தாங்காது."

பெரியத்தைதான் முதலில் திரும்பினார். கோணலா, எங்கே கோணல், கண்ணில் கோளாறு இருந்தால் மருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அத்தை வாசல்படியை விட்டு இறங்கினார். இந்த வாரையை ஏற்ற ஒரு ஆம்பிளை வரவில்லை, பொம்பளைகள் தோளில் ஏற்றியது என்று, உரிந்த தோளைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். பெரியத்தை அதைக் கேட்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து, அத்தையின் முழங்கையைப் பிடித்தார்.

"நீ சொல்லு கன்னி. அன்னிக்கு நாம எப்டி ஏத்தினோம்னு இந்த ஆளாண்ட சொல்லு."

தலையாரி வாயைத் திறந்தபடி நின்றார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை பெரியத்தையின் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷமாக நேருக்கு நேர் பேசாத முகம். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீயே சொல்லுக்கா. உனுக்குத்தான் கோர்வையா வரும்" என்றார்.

அப்புறம் யாரால் நிறுத்த முடியும்? ஒருத்தர் தொடங்கினால் இன்னொருத்தர் முடித்தார். மண் மிதித்தது, கல்லேற்றியது, வராத ஆம்பிளைகள் பெயர், எல்லாம் வந்தது. நடுநடுவே சுவர் சாய்ந்ததா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வாதமும் நடந்தது. என் வீட்டுக்காரர் அத்தைக்குப் பின்னால் நின்று, பேசாதே பேசாதே என்று ஜாடை காட்டினார். அவரை யாரும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நின்று முழுக்கக் கேட்டார். பிறகு நோட்டைத் திறந்தார். "இரண்டு" என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் மேல் "ஒன்று" என்று எழுதினார். அப்போது அவர் சிரித்தாரா என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. சிரித்திருக்க வேண்டும்.

ஒரு வண்டி மூங்கில்தான் வந்தது. இரவல் கழிகளைத் திருப்பிக் கொடுத்து, அந்த இடத்தில் மூங்கில் வைத்ததோடு தீர்ந்துபோனது. நடுச்சுவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. நல்லவேளை, எங்கள் வீட்டில் அது அத்தோடு முடிந்தது.

சுவர் வர வேண்டிய இடம்

ஆனி பிறந்து நாலைந்து நாளில் எனக்கு வலி எடுத்தது. காலை நேரம், நல்ல வெயில். எங்கள் பக்கத்தில் அறுப்புக் கூலியாக வந்த நெல் மூட்டை, பெரியத்தை பக்கத்தில் ஆடு. நாலு பேர் கையை வீசி நிற்க எங்கும் இடம் இல்லை. மருத்துவச்சி சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தத் தட்டியை எடுத்துக் கடாசச் சொன்னாள். என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார். சுவர் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

ஒரு பக்கம் அத்தை உட்கார்ந்தார், மறு பக்கம் பெரியத்தை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

வெந்நீர் சூடு போதாது என்றார் ஒருத்தர். இதற்கு மேல் சூடு வைத்தால் கோழியைத்தான் போட வேண்டும் என்றார் மற்றவர். மல்லாந்து படுக்கட்டும் என்று ஒருத்தர், ஒருக்களித்துப் படுக்கட்டும் என்று மற்றவர். பெண் பிறந்தால் யார் ஜாடை என்பதில் தொடங்கி, பேச்சு எங்கெங்கோ போய், கருவாட்டுக் குழம்புக்கு வந்து நின்றது. அன்றைக்குச் சட்டியில் ஏழு துண்டு கருவாடு போட்டேன், என் கையால் எண்ணிப் போட்டேன் என்கிறார் அத்தை. என் இலையில் ஒன்றுகூட விழவில்லையே என்கிறார் பெரியத்தை. நீதானே கடைசியில் உட்கார்ந்தாய் என்கிறார் அத்தை. பதினோரு வருஷத்து மீதியை அவர்கள் ஒரே காலையில் பேசித் தீர்த்தார்கள். எல்லாம் என் வயிற்றுக்கு மேலேயே போய் வந்தது. மருத்துவச்சி சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

அந்த வீட்டில் நான் அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அத்தே, பெரியத்தே, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை. அந்த அமைதியில் என் பெரிய மகள் பிறந்தாள்.